போர்டோவின் சிவப்பும் மயில்துத்தத்தின் நீலமும்

நேயர்களுக்கு வணக்கம். திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்கும் ஒருவரிடம் போர்டோ என்றால் என்ன என்று கேளுங்கள், நீல நிறத்தில் இருக்குமே, இலை நோய்க்கு அடிப்போமே, அதுதானே என்பார். ஒயின் குடிக்கத் தெரிந்தவரைக் கேட்டால் அவர் கண் வேறு மாதிரி மின்னும். இரண்டு பேர் சொல்வதும் ஒரே ஊரைத்தான். பிரான்சின் தென்மேற்கு மூலையில், கரோன், தோர்தோன்ய் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்து என்ற அகலமான கழிமுகமாகிக் கடலுக்குப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் போர்டோ.

இந்த ஊர்ச் சிவப்பு ஒயினுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் முதலில் மண்ணைச் சொல்வார்கள். கழிமுகத்தின் இடது கரையில் இருக்கும் மெதோக் பகுதியை மண் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் மேடு அது. நம் ஊர்ச் சம்சாரி பார்த்தால் இதில் என்னத்தை விதைக்க என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆனால் கொடிக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும், வேர் தண்ணீரைத் தேடி ஆழமாக இறங்கும், கல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி விடும், காய் குறைவாகக் காய்த்தாலும் சாறு கெட்டியாக இருக்கும். லேட்டாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் ரகத்துக்கு இந்தச் சூடு தேவை. வலது கரையில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அதிகம், அங்கே மெர்லோ ரகத்தின் ராஜ்ஜியம். பெரும்பாலும் ஒரே ரகத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்றைக் கலந்துதான் செய்வார்கள், ஒரு வருஷம் ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும்.

ஒரு கறுப்புத் திராட்சையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். வெளியே வரும் சாற்றில் பெரிதாக நிறமே இருக்காது, நிறமெல்லாம் தோலில்தான். அதனால் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே ஊறவைத்துப் புளிக்கவிடுகிறார்கள், அப்போது சிவப்போடு துவர்ப்பும் இறங்கிவிடும். பேர்போன போர்டோவை இளசாக வாயில் வைத்தால் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கும். இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றும். அந்தத் துவர்ப்புதான் அதன் ஆயுசு, பத்து இருபது வருஷம் புட்டியில் கிடந்தால் அது மெல்ல அடங்கி, வேறு வாசனைகள் எழுந்து வரும்.

அதற்கு முன்னால் ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், அதாவது முந்நூறு புட்டி. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து ஊற்றுவார்கள், ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளை சேர்த்த கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. மிஞ்சிய மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்றால், கனலே என்ற சின்னக் கேக் அதிலிருந்துதான் பிறந்தது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

சரி, தரவரிசைக்கு வருவோம். 1855இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி, மூன்றாம் நெப்போலியன் காலம். காட்சிக்கு வைக்க ஒரு பட்டியல் வேண்டும் என்றதும் போர்டோவின் ஒயின் தரகர்கள் யாரையும் உட்கார வைத்துச் சுவைக்கச் சொல்லவில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு இத்தனை வருஷமாக என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்து ஐந்து வகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். முதல் வகுப்பில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன், நாலே நாலு. ஒரு பொருட்காட்சிக்காக எழுதிய விலைப் பட்டியல் இன்றைக்கும் சட்டம் மாதிரி நிற்கிறது, எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. மூத்தோன் என்ற தோட்டம் இரண்டாம் வகுப்பில் மாட்டிக்கொண்டது. முதலாவதாக முடியவில்லை, இரண்டாவதாக இருக்க மனமில்லை, நான் மூத்தோன் என்று அதை ஒரு முழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். அதன் சொந்தக்காரர் பிலிப் தெ ரோத்ஷில்த் பல வருஷம் அலையாய் அலைந்து 1973இல்தான் முதல் வகுப்புக்கு ஏற்றினார். உத்தரவில் கையெழுத்துப் போட்ட விவசாய மந்திரி ழாக் ஷிராக், பின்னாளில் அவரே ஜனாதிபதி. வலது கரைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அங்கே பொம்ரோலில் விளையும் பெத்ருஸ் எந்த வகுப்பும் இல்லாமலே அந்த முதல் வகுப்புக்காரர்களைவிட அதிக விலைக்குப் போகிறது!

இவ்வளவு பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணோடு போயிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பேன் மாதிரிப் பூச்சி ஒன்று வேரை உறிஞ்சிக் கொடிகளைச் சாய்த்தது, அதைத் தாங்கக்கூடிய அமெரிக்க வேரையே கொண்டுவந்து ஒட்டுக்கட்டினார்கள். அப்புறம் அதே அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது, இலையெல்லாம் உதிர்ந்து தோட்டம் மொட்டையாக நின்றது. 1882இல் போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லர்தே, மெதோக்கில் சேன்-ழூலியேன் ஊர்த் தோட்டத்தைத் தாண்டிப் போகும்போது பாதையோரத்துக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நிற்பதைப் பார்த்தார். விசாரித்தால், வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்கிறார்கள் என்று, பார்த்தாலே அருவருப்பாக இருக்கட்டும் என மயில்துத்தம் என்ற நீலநிறச் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்திருக்கிறார்களாம். திருட்டுக்குப் பயந்து அடித்தது நோய்க்கு மருந்தாகிவிட்டது. அளவுகளைச் சோதித்து 1885இல் அவர் வெளியிட்டதுதான் போர்டோ கலவை.

நம் தோட்டங்களில் இன்றும் அந்தக் கலவைதான். மயில்துத்தம் ஒரு கிலோவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் தனியாகவும், சுண்ணாம்பு ஒரு கிலோவை இன்னொரு ஐம்பது லிட்டரில் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். செம்பு நிறம் கத்தியில் ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டுக் கிளறி மறுபடி கத்தியை விட்டுப் பாருங்கள். வணக்கம்.