நான் குசானவ் கட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உஸ்பெகிஸ்தான் கால்பந்து ரசிகர் மனதில் முதலிடம் முன்கள வீரர் எல்தோர் ஷொமுரோதவுக்கா, தடுப்பாட்டக்காரர் அப்துகோதிர் குசானவுக்கா? நான் குசானவ் கட்சி.

ஷொமுரோதவ் லேசுப்பட்டவர் இல்லை. கேப்டன், நாட்டுக்காக அதிக கோல் போட்டவர், இத்தாலியின் ரோமா கிளப் வரைக்கும் போய் ஆடியவர். கைதட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் எதிரணித் தலைவர் குசானவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒன்று சொன்னாரே, “வந்த மூணாவது நிமிஷமே கோல் தானம் பண்ணிய வள்ளல்” என்று! நீங்களும் சிரித்தீர்கள். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மீதியைக் கேளுங்கள்.

2025 ஜனவரி 25. மான்செஸ்டர் சிட்டி மைதானம், எதிரே செல்சி. சிட்டிக்காக குசானவின் முதல் ஆட்டம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கால் வைத்த முதல் உஸ்பெக் வீரர், முதுகில் 45ஆம் நம்பர். உஸ்பெக் தலைநகர் தாஷ்கண்டில் அப்போது ராத்திரி பத்தரை. எவர் தூங்கியிருப்பார்? உயரமாக ஒரு பந்து வருகிறது. தலையால் முட்டி தன் கோல்கீப்பர் எடர்சனிடம் தள்ளப் பார்க்கிறார். போகவில்லை! பாதி வழியில் செல்சியின் ஜாக்சன் பறித்தார், மதுவேகே பக்கம் தள்ளினார், கோல்! சரி, போகட்டும் என்றால், அடுத்த நிமிஷமே செல்சியின் பால்மரை இடித்து மஞ்சள் அட்டை. ஐயா, கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவன் முதல் இலையிலேயே சம்பந்தி மடியில் சாம்பாரைக் கொட்டி, துடைக்கப் போய் ரசத்தையும் கவிழ்த்த கதை! வேறு ஆளென்றால் வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இவர் ஓடவில்லை. 54ஆம் நிமிஷம் மாற்றும் வரை நின்று ஆடினார். சிட்டி 3-1 என்று ஜெயித்தது. இதை ஏன் எதிரணி சொல்லவில்லை?

இன்னொன்று. அவர் பிறந்தது 2004 பிப்ரவரி 29. அன்றைய தேதிக்கு அவர் கண்ட பிறந்தநாள் மொத்தமே ஐந்து! எதிரணித் தலைவரே, அந்த வயசில் மூணாவது நிமிஷம் நீங்கள் என்ன பண்ணியிருப்பீர்கள்? சபையில் சொல்ல முடியுமா?

பெலாரஸின் மின்ஸ்கில் ஆடிக்கொண்டிருந்த பையனை 2023இல் பிரான்சின் லான்ஸ் கிளப் வாங்கிய விலை ஒரு லட்சம் யூரோ. ஒன்றரை வருஷத்தில் சிட்டி கொடுத்தது சுமார் 4 கோடி யூரோ. விலையை விடுங்கள்.

உலகக் கோப்பைக்காக உஸ்பெக் ஜனங்கள் பட்ட பாடு தெரியுமா? 2005இல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனை 1-0 என்று ஜெயித்தார்கள். பெனால்டியில் நடுவர் தப்பு பண்ணிவிட்டார், ஆட்டமே செல்லாது என்றது ஃபிஃபா. (உங்களைச் சொல்லவில்லை ஐயா!) திரும்ப ஆடி 1-1, அப்புறம் 0-0, பஹ்ரைன் வெளியூரில் போட்ட கோல் கணக்கில் வெளியே. 2013இல் ஜோர்தானிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் போனது. கடைசியில் 2025 ஜூன் 5, அபுதாபி, ஐக்கிய அரபு அமீரகத்தோடு 0-0. கோலே போடாமல், கோலே விடாமல் உலகக் கோப்பைக்குள் போனார்கள். தடுப்பாட்டக்காரனின் அருமை அங்கே தெரியும்.

குசானவின் அப்பா ஹிக்மத்தும் தேசிய அணிக்கு ஆடியவர்தான். அவர் தலைமுறைக்குக் கிடைக்காத உலகக் கோப்பை மகன் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. அப்பன் ஏங்கியதை எட்டிப் பிடித்த பிள்ளையை எந்த ஊர் ஜனம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாது? சொல்லுங்கள் நடுவர் அவர்களே! மணியை அப்புறம் அடிக்கலாம்.