தண்ணீர் தராத கோச்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் சீசனுக்கு எப்படித் தயாராகின்றன என்று பேசச் சொன்னார்கள். ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற ஆட்டம்.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய சில வாரங்கள்தான் பயிற்சி முகாம். யார் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), எந்தப் புதுப்பையனுக்கு இடம் கிடைக்கும், பத்திரிகைகளுக்கு இதெல்லாம்தான் செய்தி. எனக்கென்னவோ அந்த முகாமில் தண்ணீரின் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

1954-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் புதுக் கோச்சாக வந்தார் பிரையன்ட். ‘பேர்’, அதாவது கரடி, என்பது அவர் பட்டப்பெயர். வீரர்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் பத்து நாள் முகாமுக்கு அழைத்துப்போனார். வறட்சிக் காலம், கொளுத்தும் வெயில். பயிற்சி நடக்கும்போது தண்ணீர் கிடையாது. தாகத்தைத் தாங்குவதுதான் வீரம் என்று அன்றைக்குப் பல கோச்கள் நம்பினார்கள். இவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதுமடா சாமி என்று ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

சரி, பலன்? அந்த சீசனில் பத்து ஆட்டங்களில் ஒன்பதில் தோல்வி!

1956-ல் அதே அணி தோல்வியே இல்லாமல் தன் வட்டாரக் கோப்பையை வென்றது. உடனே ஜங்ஷன் முகாம்தான் காரணம் என்று கதை கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த அணியின் பெரிய நட்சத்திரம் ஜான் டேவிட் குரோ, 1957-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. 1954-ல் அவர் முதலாண்டு மாணவர்; அவர்களை அழைத்துப்போகவில்லை. இந்தச் சின்ன விவரத்தைக் கதை சொல்கிறவர்கள் லேசாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்புறம் 1965. புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற சிறுநீரக மருத்துவரிடம் ஒரு துணைக் கோச் கேட்டார்: ஆட்டம் முடிந்தும் பையன்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன்? உடம்பிலிருந்த நீரெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது. அந்த மருத்துவரும் கூட்டாளிகளும் உப்பு, சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு பானம் செய்தார்கள். அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர் கேட்டரேட். ஒரு கோச்சின் சங்கடமான கேள்வியில் பிறந்த பானம் அது.

ஆனால் குடிக்கக் கொடுத்தால் மட்டும் போதாது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். கோச் எவ்வளவு கத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. 140 கிலோ எடையுள்ள முன்வரிசை ஆளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து சூடு வெளியேறுவது கஷ்டம்.

இப்போது விதிகளும் அதற்கேற்ப வந்திருக்கின்றன. முகாம் தொடங்கியதும் சில நாள் தலைக்கவசம் மட்டும், பிறகு தோள்கவசம், கடைசியில்தான் முழுக் கவசம். முதலில் ஐந்து நாளாக இருந்த இந்தப் பழக்கும் காலம் 2021-ல் ஏழு நாளானது. ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சி வைக்கிற வழக்கத்தை 2017-ல் நிறுத்தினார்கள்.

விதி மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு 2018 சாட்சி. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், மே மாத ஓட்டப் பயிற்சியில் உடம்புச் சூடு ஏறிச் சுருண்டு விழுந்த 19 வயது வீரர் இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார். குளிர்ந்த நீரில் அவரை உடனே அமிழ்த்தவில்லை. முதலில் உடம்பைக் குளிரவை, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்பதுதான் முறை. முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகம் பிறகு பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

ஆகவே, ஆகஸ்டில் ஒரு முகாமைப் பார்க்கப் போனால் நான் குவார்ட்டர்பேக்கைத் தேடமாட்டேன். மைதான ஓரத்தில் ஐஸ் கொட்டிய தொட்டி இருக்கிறதா, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று அறியப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பையன்களை எடை போடுகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அதற்குள் நான் இந்த டம்ளரைக் காலி செய்துவிடுகிறேன்.