சாது என்று பேர் வாங்கிய பிள்ளை

(பெருந்துறைப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை கூடிய தாய்மார்களிடம் பேசியது. கடைசியில் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலையும் சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கைக்குழந்தையோடு வந்திருக்கிறவர்கள் ஃபேன் பக்கமாக உட்காருங்கள். குழந்தை அழுதால் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம். அழுகைக்கு நடுவே பேச எனக்குப் பழகிவிட்டது.

எனக்கு ரெட்டைப் பெண் பிள்ளைகள். வருகிற தை மாதம் நான்கு வயது முடிகிறது. அவர்கள் பேரை இங்கே சொல்லப் போவதில்லை. நாளைக்கு வளர்ந்த பிறகு, அம்மா ஊரைக் கூட்டி நம் கதையைச் சொன்னாளே என்று சங்கடப்படக் கூடாது. பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவே 6 நிமிடம்தான். 36-வது வாரத்தில் பிறந்தார்கள். பெரியவள் 2.3 கிலோ, சின்னவள் 1.9 கிலோ. அந்த 400 கிராமை வைத்துக்கொண்டு, பிறந்த அன்றைக்கே “இது தெம்பான புள்ளை, அது பாவம்” என்று பேர் வைத்துவிட்டோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்த மாதிரிப் பேர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு சென்னிமலை அடிவாரத்தில் போய் நின்றால், பூ விற்கிற அம்மாவிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “ரெட்டைங்கறீங்க, ஒரே மாதிரி இல்லீங்களே?” ஏதோ குறை வைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெட்டையில் இரண்டு வகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வளர்வது ஒரு வகை. இரண்டு கருமுட்டைகள் தனித்தனியாகக் கருவாகி ஒன்றாக வளர்வது இன்னொரு வகை. முதல் வகை உலகத்தில் எங்கே பார்த்தாலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 4 என்ற அளவில்தான் இருக்கிறது. இரண்டாவது வகைதான் கூடிக்கொண்டே வருகிறது. குழந்தைப்பேறு சிகிச்சை பரவியது ஒரு காரணம், பெண்கள் கொஞ்சம் வயது தள்ளிப் பிள்ளை பெறுவது இன்னொரு காரணம். 2021-இல் வெளியான ஒரு கணக்குப்படி, உலகத்தில் பிறக்கிற 42 குழந்தைகளில் ஒன்று ரெட்டையில் ஒன்று. அதனால்தான் முன்பு ஊருக்கு ஒரு வீட்டில் இருந்த ரெட்டைத் தூரி, அதாவது ரெட்டைத் தொட்டில், இப்போது தெருவுக்குத் தெரு ஆடுகிறது.

இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள், மூன்று வருட இடைவெளியில் பிறந்த அக்கா தங்கை எவ்வளவு ஒத்திருப்பார்களோ அவ்வளவுதான் ஒத்திருப்பார்கள். ஒரே கருவில் வந்தவர்களுக்குக்கூட விரல் ரேகை வேறுதான். அப்புறம் குணம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

குணம் வேறு என்பதை நானும் சீக்கிரமே ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட விதத்தில்தான் தப்புப் பண்ணினேன்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்கிறேன். என் அண்ணன் மனைவி, எனக்கு நங்கையா, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். வரும்போதெல்லாம் ஒரே மாதிரி சட்டை இரண்டு எடுத்து வருவார். பெரியவளுக்கு ரோஸ், சின்னவளுக்கு மஞ்சள். அடையாளத்துக்கு எங்களுக்கும் வசதியாகிவிட்டது. ஒறம்பரை வந்தவர்கள் பேரைக் கேட்கிற சிரமமே இல்லாமல் “ரோசு, இங்க வா”, “மஞ்சா, நீ வா” என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஒருநாள் மழையில் துணி காயவில்லை. கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டேன், நிறம் மாறிப்போனது. அன்றைக்கு ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், பால் சொம்பு கவிழ்ந்தது. வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏ ரோசு, மறுபடியும் நீயா?” என்று சத்தம் போட்டார். ரோஸ் சட்டையில் நின்றது சின்னவள். சொம்புக்குப் பக்கத்திலேயே அவள் போகவில்லை. அவள் அழவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அடுத்த வாரமே ஒரே மாதிரித் துணியை நிறுத்திவிட்டேன். நங்கையாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சொல்லிப் புரியவைத்தேன்.

துணியை நிறுத்தினேனே தவிர, பேரை நிறுத்தவில்லை. பெரியவள் “வாலு”. சின்னவள் “சாது”.

அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். நம் சீமையில் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுகிற அண்ணன்மார் கதை உங்களுக்குத் தெரியும். பொன்னரும் சங்கரும் ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்தவர்கள். பொன்னர் பொறுமை, சங்கர் வேகம். மாசி மாதம் வீரப்பூருக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஓயாது. என் அப்புச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கும் ஒரு பொன்னர், ஒரு சங்கர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொன்னரும் சங்கரும் வளர்ந்து, நாடு ஆண்டு, சண்டை போட்ட பிறகு ஊர் அவர்களைப் பற்றிப் பாடிய பாட்டு அது. என் பிள்ளைகளுக்கு அப்போது பால் பல்லே முழுதாக வரவில்லை. அவர்கள் பாட்டை நான் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன்.

வாலு என்று பேர் வாங்கிய பிள்ளைக்குத் திட்டு கிடைக்கும். ஆனால் அந்தத் திட்டோடு கூடவே ஒரு பார்வை கிடைக்கும், ஒரு கை கிடைக்கும். “எங்கே போனாள், என்ன பண்றாள்” என்று வீடு முழுக்க அவள் பின்னாலேயே சுற்றும். சாது என்று பேர் வாங்கிய பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கும். பாராட்டிவிட்டு எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். “அவ சாதுங்க, வுட்ட எடத்துல கெடப்பா” என்று என் மாமியார் சொல்வார். அன்போடுதான் சொன்னார். நானும் அந்தச் சொல்லை நம்பி, விட்ட இடத்தில் விட்டேன்.

இரண்டு வயது ஆகி ஒரு மாதம் இருக்கும். பெரியவளுக்குச் சளிக் காய்ச்சல். இரண்டு ராத்திரி வீட்டையே கூப்பாடு போட்டு எழுப்பினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நடக்கிறேன், அப்புறம் வீட்டுக்காரர் நடக்கிறார், அப்புறம் மாமியார். சின்னவள் தூரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் தலைக்கு வைத்த துணியில் மஞ்சளாக ஒரு கறை. காதிலிருந்து சீழ். தொட்டால் உடம்பு கொதிக்கிறது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். “எத்தனை நாளா காதைப் பிடிச்சிட்டிருந்தா?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால், முதல் நாளே அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். தூக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டேன். மருந்தில் சரியாகிவிட்டது, இப்போது காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியவளைப் பற்றிக் கேட்டிருந்தால் எத்தனை முறை இருமினாள் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று ஒரு தம்பதி, இருவரும் மனநல மருத்துவர்கள். 1956-இல் தொடங்கி 133 குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும் வரை கவனித்தார்கள். நூற்றுக்கு 40 பேர் எதற்கும் சுலபமாகப் பழகிக்கொள்கிறவர்கள். 10 பேர் எதையும் பெரிதாக எதிர்க்கிறவர்கள். 15 பேர் மெல்லப் பழகுகிறவர்கள். மீதி 35 பேர் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. எனக்கு அந்த 35 தான் மனதில் நின்றது. நான் இரண்டே பெட்டி வைத்து இரண்டு பிள்ளைகளையும் அதற்குள் போட்டு மூடியிருந்தேன். அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம்: பிள்ளையின் குணத்தில் நல்லது கெட்டது பார்ப்பதைவிட, அந்தக் குணமும் வீடு எதிர்பார்ப்பதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு நோம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது பேர் ஒறம்பரை. வருகிறவர்கள் எல்லாம் “வா சாமி, வா அம்மணி” என்று கையை நீட்டுவார்கள். பெரியவள் மடி மடியாகப் போவாள். சின்னவள் என் சேலைக்குப் பின்னால் நிற்பாள். “என்ன, இது ஒட்டவே மாட்டேங்குது” என்பார்கள். முன்பெல்லாம் எனக்கு மானம் போகிற மாதிரி இருக்கும், அவளை முன்னால் தள்ளுவேன். இப்போது தள்ளுவதில்லை. “அரை மணி நேரம் விடுங்க, அவளே வருவா” என்று சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய அரை மணியில் வந்துவிடுகிறாள். வந்தால் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை விடுவதில்லை.

பேச்சு. ரெட்டைப் பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகப் பேசுவது பரவலாகப் பார்க்கிற விஷயம். குறைமாதத்தில் பிறப்பது ஒரு பங்கு. இன்னொன்று, ஒரு குழந்தையிடம் பேச வேண்டிய பேச்சை நாம் இரண்டாகப் பங்கு போடுகிறோம். “ரெண்டு பேரும் வாங்க, ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்றே நாள் ஓடிவிடும். போதாததற்கு அவர்களுக்குள் ஒரு பாஷை வேறு வந்துவிடும். எங்கள் வீட்டில் “டிப்பா” என்றால் தண்ணீர். இரண்டு பேருக்கும் புரியும், வேறு யாருக்கும் புரியாது. கூடவே பெரியவள், சின்னவளுக்காகவும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாள். “பாப்பாவுக்குப் பசிக்குது” என்பாள். பாப்பாவைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள். கேட்க அழகாக இருக்கும். அழகாக இருக்கிறதென்று நானும் விட்டிருந்தேன். அப்புறம் சின்னவளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “உனக்கு என்ன வேணும் கண்ணு?” என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவேன். பத்து வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பாருங்கள், தெரியும். பெரியவளிடம் அந்த நேரத்துக்கு வெங்காயம் எடுத்துக் கொடுக்கிற வேலை. முதல் பதில் வர ஒன்பது நாள் ஆனது. “ரசம்” என்றாள். இரண்டு வயது மூன்று மாதம்.

பிள்ளைகள் இருவரையும் வாரத்தில் ஒரு பொழுதாவது பிரித்து வையுங்கள் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சனிக்கிழமை பொழுதோடு என் வீட்டுக்காரர் ஒருத்தியைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார், ஒருத்தி என்னோடு இருப்பாள். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். முதல் தடவை பெரியவளைக் கூட்டிப் போய் வந்தவர், “இவ கட்டுத்தரையில உக்காந்து கன்னுக்குட்டியையே பாத்துட்டிருந்தா. முக்கா மணி நேரம். ஒரு வார்த்தை பேசலை” என்றார். நான் நம்பவில்லை. இந்தப் பக்கம் சின்னவள் என் துவைத்த துணிகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்து, “கை கட்டு! நீ பேசாத!” என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறவிக் குணம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவள் இன்றைக்கும் ஓடுகிறவள்தான், சின்னவள் நின்று பார்க்கிறவள்தான். ஆனால் ஒரே வீட்டில், ஒரே வயதில் இரண்டு பேர் இருந்தால், ஒருத்தி சத்தத்தை எடுத்துக்கொண்ட பிறகு மற்றவளுக்கு அமைதிதான் மீதி இருக்கும். அந்த மீதியைப் பார்த்து இதுதான் இவள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மற்றவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் இவள் யார் என்று தெரிகிறது.

ஸ்கூலில் ஒரே செக்‌ஷனா தனித்தனியா என்று நிறையப் பேர் போனில் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் அதற்குக் கிடையாது. பிள்ளைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளவும் தயங்காதீர்கள். ஜட்டி பழக்குவதும் அப்படித்தான். ஒருத்தி பழகிவிட்டாள் என்பதற்காக மற்றவளை அவசரப்படுத்தாதீர்கள். என் வீட்டில் நாலு மாதம் வித்தியாசம்.

(பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: “ஏனம்மணி, எம் பேரனுங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல பெசஞ்சு ஊட்டுறனே, அதுந் தப்புங்களா?”)

தப்பே இல்லீங்க ஆத்தா. நானும் ஊட்டியிருக்கிறேன். ஒரே தட்டில் அரிசிம்பருப்பைப் பிசைந்து, நெய் விட்டு, இதற்கு ஒரு வாய் அதற்கு ஒரு வாய் என்று ஊட்டினால் சீக்கிரம் முடியும். உங்களுக்கும் இடுப்பு வலி இருக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். வேகமாக முழுங்குகிற பிள்ளை வாயைத் திறந்துகொண்டே இருக்கும், நம் கை தன்னால் அந்தப் பக்கமே போகும். மெதுவாக மெல்லுகிறவனுக்கு எத்தனை வாய் போனது என்று நமக்குத் தெரியாது. என் பெரியவள் மென்றதும் தெரியாது, முழுங்கியதும் தெரியாது. சின்னவள் தேங்காய்ச் சில்லை எல்லாம் நாக்காலேயே பிரித்துத் தனியாக எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாக மெல்வாள். ஒரே தட்டில் ஊட்டிய நாள் வரை அது எனக்குத் தெரியாது. சின்ன கிண்ணம் இரண்டில் தனியாகப் போட்டு வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. முடிந்த நாளில் இரண்டு கிண்ணம் வையுங்கள். முடியாத நாளில் ஒரே தட்டு போதும். பேரன்கள் பேர் என்னங்க ஆத்தா? இல்லை, இங்கே சொல்ல வேண்டாம். இப்போது வீட்டுக்குப் போனதும், ஒவ்வொருத்தனையும் தனியாகக் கூப்பிடுங்கள்.