ஆட முடியுதாம், நடக்க ஏலாதாம்!

[காட்சி: இரவு. கோயில் வெளியில் கூத்தாடும் வட்டக்களரி. மத்தளமும் சல்லரியும் கேட்கின்றன.]

ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 26 வயது, மட்டக்களப்பில் வந்தாறுமூலைப் பக்கம் வீடு. ஐந்து மாதமாக இடது கால் இழுபடுகிறது. வாசலிலிருந்து படலைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டும். கூத்துப் பார்க்கக் கூட்டிவந்து கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். வடமோடி ஆட்டம் சூடேற, அவளுக்கே தெரியாமல் அந்த இடது கால் தாளத்துக்குத் தட்டத் தொடங்குகிறது.

பக்கத்தில் இருந்த மாமி கண்டுவிட்டார். "பாத்தியாகா, மேளத்துக்கு மட்டும் கால் வேலை செய்யுது. எல்லாம் நடிப்புகா."

இந்த வீடியோ அந்த மாமிக்குத்தான். மாமி, நீங்கள் கண்டது சரி. சொன்னதுதான் பிழை.

[காட்சி: கட்டிலில் படுத்திருப்பவரின் இரு கால்கள், கோட்டுச் சித்திரமாக.]

இதற்குப் பெயர் செயல்சார் நரம்பியல் கோளாறு. எஃப்.என்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். கை கால் பலமிழப்பு, நடுக்கம், வலிப்பு மாதிரி வருவது, பேச்சு நின்றுபோவது என்று பல வடிவில் வரும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இந்தப் பெயரை ஒட்டிவிட முடியாது. நரம்பியல் மருத்துவர் பார்க்கும் அடையாளங்கள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன்.

பலமில்லாத காலின் குதியைக் கட்டிலில் அழுத்தச் சொல்வார். அழுத்தம் வராது. பிறகு மற்றக் காலை, தன் கை தடுக்கத் தடுக்க, மேலே தூக்கச் சொல்வார். அந்த நேரம், அழுத்த ஏலாத அதே குதி தானாகவே கட்டிலை அழுத்தும். 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் பரிசோதனை.

நடுக்கத்துக்கு வேறொன்று. வலது கை நடுங்கினால், இடது கையால் மருத்துவர் போடும் தாளத்தைத் தட்டவேண்டும். பல பேருக்கு வலது கை நடுக்கம் நின்றுவிடும், இல்லாவிட்டால் அந்தத் தாளத்தையே பிடித்துக்கொள்ளும். மாமி களரியில் கண்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். நீங்கள் நடிப்புக்கு அத்தாட்சி என்று பிடித்ததை, மருத்துவர் நோய்க்கு அடையாளமாக எடுக்கிறார்.

[காட்சி: கல்லடியில் பழைய பாலமும் புதிய பாலமும், மேலிருந்து.]

ஏன் இப்படி? ஒரே கரைக்குப் போக இரண்டு பாலம் இருப்பதாக நினையுங்கள். "இப்ப காலைத் தூக்கப் போறன்" என்று நினைத்துத் தூக்குவது ஒரு பாலம். நினைக்காமல் தானாக அசைவது மற்றது. இந்தக் கோளாறில் முதற்பாலத்தில் நெரிசல். காலையே உற்றுக் கவனிக்க, "விழப்போறன்" என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்க்க, நெரிசல் இன்னும் கூடும். அசைவு தன்னுடையது என்ற உணர்வும் குழம்பிப்போகும். அவள் வேண்டுமென்று செய்வது அதில் ஒன்றுமில்லை. கூத்துப் பழகியவர்களைக் கேளுங்கள்: குனிந்து காலைப் பார்த்தவனுக்கு ஆட்டம் பிழைத்துவிடும், மத்தளத்தைக் கேட்டவனுக்கு வரும்.

யுத்தம், சுனாமி என்று நம் ஊரில் எந்த நோய்க்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். மனக்காயம் இதற்கு வழிவிடலாம், உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் அப்படியொரு கதை இருக்காது. மன அழுத்தக் காரணம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும் எடுத்துவிட்டது. கதை இல்லாதவளிடம் கதை கேட்டு நெருக்காதீர்கள்.

[காட்சி: மண்டபம். வட்டமாகக் கதிரைகள். ஒரு சிறு மேளம்.]

இனி, தாளத்தையும் அசைவையும் வைத்துச் செய்யும் நடன அசைவுச் சிகிச்சை. 1942இல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்கினார். அடவு படிப்பிப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. எதிரே இருப்பவரின் அசைவைத் தன் உடம்பில் வாங்கித் திருப்பிக் காட்டினார்.

எஃப்.என்.டி.க்கு இதை எடுத்தால், பெரும்பாலும் கதிரையிலேயே தொடங்கலாம். மூச்சு, பிறகு பாதம் தரையில் படுவதை உணர்வது. மெதுவான தாளத்துக்குக் குதி தட்டுவது. ஒருவர் கையை அசைக்க, எதிரே இருப்பவர் கண்ணாடிபோல் அசைப்பது. அந்த நேரம் கவனம் தன் காலில் இருக்காது. பிறகு எழும்பி, உடல் பாரத்தை இடம் வலமாக மாற்றுவது. பக்கவாட்டில் ஓரடி, பின்னால் ஓரடி. முன்னால் நடக்க ஏலாத சிலர் பின்னால் நன்றாக நடப்பார்கள், பார்த்தால் உங்களுக்கு இன்னும் சந்தேகம் வரும் மாமி! அந்தப் பின்னடியைத்தான் சிறுகச் சிறுக முன்னடியாக்கப் பார்க்கிறோம். விருப்பமென்றால் போனில் படம்பிடித்து அவளுக்கே காட்டலாம். தன் கால் ஒழுங்காக நடப்பதைத் தன் கண்ணால் காண்பது சின்ன விஷயமில்லை.

மண்டபத்தில் வந்த அசைவு குசினிக்கும் வரவேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. தேத்தண்ணிக் கோப்பையோடு நாலடி, பிறகு முற்றம்.

மத்தளம் எல்லாருக்கும் பொருந்தாது. திடீர்ச் சத்தம் சிலருக்கு வெடிச்சத்தத்தை நினைவூட்டும், வலிப்புப் போன்றதையும் கொண்டுவரும். அவர்களுக்குக் கைத்தட்டல் போதும், வெறும் மூச்செண்ணிக்கையும் போதும். களைப்பும் நோவும் இந்தக் கோளாறோடு கூடவே வருவதால் கொஞ்ச நேரத்தோடு நிறுத்தவேண்டும். கோயிலில் உரு ஆடுவது, அதாவது சாமி வந்து ஆடுவது, வேறு. அங்கே போவது அவரவர் விருப்பம், சிகிச்சை என்று அனுப்பாதீர்கள்.

இதற்கு நடனத்தைச் சோதித்த ஆய்வுகள் சிறியவை, கொஞ்சம்தான். இயன்மருத்துவத்துக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, ஆதாரம் அதைவிடக் கூடுதல். 2015இல் நிபுணர்கள் சேர்ந்து அதற்கான பரிந்துரைகளையே வெளியிட்டார்கள். ஆகவே இயன்மருத்துவர் முதல் ஆள், நடனம் அவருக்குத் துணை. மாதக்கணக்கில் எடுக்கலாம், எல்லாருக்கும் முழுக்கச் சுகமாவதும் இல்லை.

[காட்சி: சிவப்பு எழுத்தில் 1990.]

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திடீரென வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அந்த நேரம் எஃப்.என்.டி.யா பக்கவாதமா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

[காட்சி: அதே வீடு, காலை.]

மாமி, உங்களுக்கும் வேலை இருக்கிறது. விடிந்ததும் "கால் எப்பிடி மனே?" என்று கேட்காதீர்கள், கவனம் திரும்பவும் காலுக்குப் போய்விடும். அவள் எழும்பும்போது ஓடிப்போய்த் தாங்காதீர்கள். பக்கத்தில் நின்றால் போதும். வாசலில் இருந்து மெல்லமாய்க் கை தட்டுங்கள். அவள் வாய்க்குள் "தா தெய்யத் தெய்" என்று சொல்லிக்கொண்டு படலை வரைக்கும் போவாள். சில நாள் பாதியில் நின்றுவிடுவாள். அன்றைக்குக் கதிரையைப் பாதிவழிக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள்.