ஒரே திரை, தனித்தனி அறைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மொழிபெயர்க்க வேண்டிய கட்டுரை ஒரு சன்னலில் திறந்திருக்கிறது, அகராதி இன்னொன்றில். நடுவில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும். அதற்காக ஒரு கணக்குத் தாளைத் திறக்கிறோம். அப்புறம் பிரவுசரில் நாலைந்து பக்கங்கள். ஆல்ட்டும் டேப்பும் அழுத்தி அழுத்திக் கட்டுரையைத் தேடிப் பிடிப்பதற்குள், எந்தச் சொல்லில் நிறுத்தினோம் என்பதே மறந்துபோகிறது.

ஒருமுறை இரண்டு பேருக்கான இரண்டு வரைவுகள் என் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒருவருக்குப் போக வேண்டியதை மற்றவருக்கு அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதிய அன்றுதான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

இருக்கிற ஒரே திரையைப் பல திரைகளாக வைத்துக்கொள்ளும் வசதி அது. 1986-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டு, ஆஸ்டின் ஹெண்டர்சன் என்ற இருவர் 'ரூம்ஸ்' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள். சன்னல்களை நாம் கண்டபடி மாற்றுவதில்லை, ஒரு வேலை நடக்கும்போது சில சன்னல்களுக்குள்ளேயேதான் திரும்பத் திரும்பப் போய்வருகிறோம் என்பதை அவர்கள் கவனித்தார்கள். அதனால் ஒரு வேலைக்கு ஓர் அறை. அறைக்கு அறை போகக் கதவு. எந்த அறைக்குப் போனாலும் கூடவே வர வேண்டிய சன்னல்களைப் போட்டுக்கொள்ள ஒரு சட்டைப்பைகூட வைத்தார்கள்! எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

மேக் கணினிக்கு இந்த வசதி 2007-இல் வந்தது. விண்டோஸில் 2015-இல், பத்தாம் பதிப்போடு சேர்ந்தே வந்தது. லினக்ஸ்காரர்களுக்கு இது வெகுகாலப் பழக்கம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். துப்புரவான புதிய டெஸ்க்டாப் ஒன்று வரும். பயப்பட வேண்டாம், பழைய சன்னல்கள் எதுவும் போய்விடவில்லை. டி-க்குப் பதில் இடது அம்புக்குறியை அழுத்தினால் எல்லாம் அங்கேயே இருக்கும். மேக்கில் கன்ட்ரோலும் மேல் அம்புக்குறியும் அழுத்தினால், மேலே ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தட்டினால் புதியது வரும்.

சரி, எதை எங்கே வைப்பது? பலரும் தவறுவது இங்கேதான். பிரவுசருக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என்று மென்பொருள் வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கக்கூட அறை மாற வேண்டியிருக்கும். வேலை வாரியாகப் பிரியுங்கள். மொழிபெயர்ப்புக்கான டெஸ்க்டாப்பில் கட்டுரை, அகராதி, மூலப் பிரதி மூன்றும் இருக்கட்டும். பிரவுசர் இன்னொரு வேலைக்கும் தேவையா? அங்கே அதற்குத் தனியாக ஒரு சன்னல் திறந்துகொள்ளலாம். காப்பி செய்த வரி எந்த டெஸ்க்டாப்பிலும் பேஸ்ட் ஆகும்.

என்னிடம் இருப்பவை மூன்று: எழுத்து, கடிதப் போக்குவரத்து, சொந்த வேலை. நாலைந்துக்கு மேல் போனால் எது எங்கே என்று தேடும் பழைய தொல்லை திரும்பி வந்துவிடும். விண்டோஸ் விசையும் டேப்பும் அழுத்தினால் எல்லா டெஸ்க்டாப்புகளும் வரிசையாகத் தெரியும். டாஸ்க் வியூ என்ற அந்தத் திரையிலேயே பெயரும் வைக்கலாம். விண்டோஸ் 11-இல் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வால்பேப்பர் வைக்க முடியும். இது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. என் எழுத்து அறைக்குச் சாம்பல் நிறம் வைத்திருக்கிறேன். அந்த நிறத்தைப் பார்த்ததுமே, விட்ட வாக்கியம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சட்டைப்பையும் இருக்கிறது: டாஸ்க் வியூவில் ஒரு சன்னலின் மீது வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு என்று சொல்லிவிடலாம். நான் குறிப்பேட்டை அப்படி வைத்திருக்கிறேன்.

கணினியின் வேகம் இதனால் அதிகரித்துவிடாது. எங்கே திறந்திருந்தாலும் ஒரு மென்பொருள் எடுக்கிற மெமரியை எடுக்கத்தான் செய்யும். மின்னஞ்சலைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டதால் அதன் அறிவிப்பும் நின்றுவிடாது. அதைத் தனியாக நிறுத்தி வைக்க வேண்டும்.

ஒரு வேலை முடிந்ததும் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், எஃப்4 அழுத்தி அந்த டெஸ்க்டாப்பை மூடிவிடுங்கள். மூட மறந்த சன்னல் ஏதாவது இருந்தால் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து நிற்கும். எழுதியது எதுவும் அழியாது.

நன்றி, வணக்கம்.