எடுத்துப் போனதைத் திருப்பிக் கொண்டுவருவது

(கான்பெராவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலையில் பேசியது. பேச்சை அதன் போக்கிலேயே விட்டு, கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

ஒரு மணியிலிருந்து தொடங்குகிறேன். வெண்கல மணி. நியூசிலாந்தின் வெலிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளிம்பெல்லாம் உடைந்துபோய் மேல்பாகம் மட்டும்தான் மிச்சம். கவிழ்த்தால் மணி, நிமிர்த்தினால் சட்டி. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மதப் பணியாளர் அந்த நாட்டின் வடக்கே ஃபாங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் அதைச் சட்டியாகத்தான் வைத்திருந்தார்கள். அதில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

அந்த மணியைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். ஊர் இல்லை, ஆண்டு இல்லை.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு நெஞ்சு நிமிரும். சோழன் நியூசிலாந்து வரைக்கும் போனான் என்று கிளம்பிவிடுவோம். தயவுசெய்து வேண்டாம். மணியில் இருப்பது ஒரு முஸ்லிம் கப்பல்காரரின் பெயர். சோழமண்டலக் கரையில் கப்பல் விட்டுப் பிழைத்த குடும்பங்களை நினைவுபடுத்தும் பெயர். ராஜா பெயரைவிட எனக்கு இந்தப் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. பட்டயம், மெய்க்கீர்த்தி என்று எதுவும் இல்லாத ஒரு மனிதர் தன் சொத்தின் மேல் தன் மொழியில் பெயர் வெட்டி வைத்தார். அது எத்தனையோ கை மாறி, கடல் கடந்து, ஒரு அடுப்பில் போய் உட்கார்ந்தது. எப்படிப் போனது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

அந்த எழுத்தில் 'கப்பல்' என்ற சொல் இருக்கிறதே, அது மலாயிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் 'கபால்'. நம் 'கடை' அங்கே 'கெடாய்'. சுமத்ரா தீவின் பாரூஸ் பக்கம் 1088இல் தமிழ் வணிகர்கள் நிறுத்திய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆசியா, பசிபிக் என்று சொல்லும்போது அது யாரோ ஒருவருடைய பாடம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அந்தக் கடலில் நம் சொல் மிதந்துகொண்டிருக்கிறது.

சரி, இதை ஏன் கான்பெராவில் நின்று சொல்கிறேன்? நம் வீடுகளிலிருந்து கால் மணி, அரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே பண்பாடு, வரலாறு, மொழி மூன்றையும் சேர்த்துப் படிக்கும் ஒரு பள்ளி, ஆசிய பசிபிக் கல்லூரியின் கீழ் இயங்குகிறது. கருத்தரங்கு, நூல் வெளியீடு, பொதுச் சொற்பொழிவு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. நான் ஆய்வாளர் இல்லை, கணக்கு எழுதும் வேலை பார்க்கிறவன். பல வருடங்களாகப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். நம் ஆட்களை அங்கே அதிகம் பார்த்ததில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இன்றைக்கு மேடை ஏறினேன்.

இந்தப் பல்கலைக்கழகம் 1946இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. முதலில் திட்டமிட்ட நான்கு ஆய்வுப் பள்ளிகளில் ஒன்று பசிபிக் பகுதிக்கு. காரணம் போர். 1942இல் டார்வின் மேல் குண்டு விழுந்தது, நியூ கினியில் சண்டை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியவில்லை என்று அப்போதுதான் இந்த நாட்டுக்கு உறைத்தது. அப்புறம் மொழிகள் வந்தன, தொல்லியல் வந்தது. 'வியத்தகு இந்தியா' என்று தமிழிலும் வந்த நூலின் ஆசிரியர் ஏ. எல். பாஷம் 1965இல் இங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

ஆரம்ப கால ஆய்வுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போவது, எடுப்பது, கொண்டுவருவது. எலும்பு, பாட்டு, கதை, சொல் எதுவானாலும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, அதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்குவது. கொடுத்தவருக்கு ஒரு பிரதிகூடப் போகாது. இதை மறைக்க வேண்டியதில்லை, அங்கே இருப்பவர்களே கருத்தரங்குகளில் வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

முங்கோ ஏரி தெரியும் உங்களுக்கு. நியூ சவுத் வேல்சின் மேற்கே, வற்றிப்போன ஏரி. 1968இல் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலவியல் அறிஞர் ஜிம் பௌலர் அங்கே மண்மேட்டில் எரிந்த எலும்புகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டு தொல்லியலாளர்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முன்னால் தகனம் செய்யப்பட்ட ஒரு பெண். மனிதகுலம் தன் இறந்தவர்களை எரித்ததற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அந்த எலும்புகளை எதில் வைத்துக் கான்பெராவுக்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? அந்தத் தொல்லியலாளர்களில் ஒருவரான ஜான் மல்வானியின் சூட்கேசில். அவர் துணிமணிகளை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை உள்ளே வைத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வாரிசுகள் இருக்கிறார்கள். பார்க்கிஞ்சி, முத்தி முத்தி, நியாம்பா மக்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1992இல் அவளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே இடத்தில் 1974இல் எடுத்த ஆண் எலும்புக்கூடு இன்னும் கால் நூற்றாண்டு காத்திருந்து, 2017 நவம்பரில்தான் சவ ஊர்தியில் ஊர் திரும்பியது. நம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பதினாறாம் நாளுக்குள் எல்லாம் முடித்தாக வேண்டும் என்று துடிக்கிறோம். அவர்கள் 43 வருடம் காத்திருந்தார்கள்.

வனுவாட்டு என்ற தீவு நாடு வேறு வழி பிடித்தது. மூன்று லட்சம் சொச்சம் மக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். 1980இல் விடுதலை வாங்கியதும், 1985இல் வெளிநாட்டுப் பண்பாட்டு ஆய்வாளர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 1994 வரைக்கும் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர்களுடைய பண்பாட்டு மையம் ஊர் ஊராக உள்ளூர்க்காரர்களையே களப்பணியாளராகப் பயிற்றுவித்தது. திறந்தபோது நிபந்தனையோடு திறந்தார்கள். எங்கள் ஆளோடு சேர்ந்து வேலை செய், பதிவு செய்வதில் ஒரு பிரதியை எங்களிடம் வை, ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய். ஒரு சின்ன நாடு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மரியாதை கற்றுக்கொடுத்ததாகத்தான் நான் பார்க்கிறேன்.

இனி ஒலிநாடாக்கள். என் மனசு அதிகம் கிடப்பது இங்கேதான்.

லூயீஸ் ஹெர்கஸ் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1926இல் மியூனிக் நகரில் பிறந்தவர். யூதக் குடும்பம், நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போனது. சமஸ்கிருதமும் பிராகிருதமும் கரைகண்டவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை வந்தால் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு வறண்ட பூமிக்குக் கிளம்பிவிடுவார். பூர்வகுடி மொழிகள் பலவற்றைக் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்த கிழவர்கள், கிழவிகள் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார், நூற்றுக்கணக்கான மணி நேரம். 2018இல் காலமானார். அவர் பதிவு செய்த சில மொழிகளை இன்று பேரப்பிள்ளைகள் திரும்பக் கற்கிறார்கள் என்றால், அந்த நாடாக்கள்தான் வாத்தியார்.

நாடா சாகும் என்பதைப் பலர் அறிவதில்லை. பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் காடி வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்துவிட்டால் அடிப்பொருளே சிதைகிறது என்று அர்த்தம். நாடா நன்றாக இருந்தாலும் ஓடவிட இயந்திரம் கிடைக்காது. இதே கான்பெராவில் இருக்கும் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது: 2025க்குள் எண்ணிம வடிவத்துக்கு மாற்றாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போகும் என்று. அந்தக் கெடு வந்துவிட்டது.

இதற்காகவே சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களும் நம் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003இல் பாரடிசெக் என்ற காப்பகத்தைத் தொடங்கின. இன்று அதில் 1,300க்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆய்வாளர்களின் வீட்டுக் கொட்டகையிலும் அலமாரியிலும் கிடந்த நாடாக்களைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, எண்ணிம வடிவத்துக்கு மாற்றி, அந்தந்த ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒருநாள் கூம்ஸ் கட்டடத்தில் நடந்த கருத்தரங்கு. மூன்று அறுகோணங்களை ஒட்டவைத்த மாதிரிக் கட்டிய கட்டடம் அது, 1964இல் திறந்தது. முதல்முறை போனால் வழி தவறாமல் வர முடியாது, பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். உள்ளே இருபது நாற்காலி. ஒரு பழைய பதிவை ஓடவிட்டார்கள். ஒரு கிழவியின் குரல், தாலாட்டோ என்னவோ. மொழி எனக்குத் துளியும் புரியவில்லை. நடுவில் ஒரு கோழி கொக்கரித்தது. கிழவி பாட்டை நிறுத்தி அதை அதட்டினாள், திரும்பவும் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அறையே சிரித்தது. எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடும்போது இப்படித்தான், நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்டிவிட்டுத் தொடர்வாள்.

ஃபிஜியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு முழுமையாகாது. பாரதி அழுது பாடிய அதே கரும்புத் தோட்டம். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஐந்து வருட ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுபோனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது, அவர்கள் கிர்மிட்டியர் ஆனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். ஒரு மனிதன் ஊரில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் ஒரே தாளுக்குள் அடங்கிவிட்டது.

அந்தச் சீட்டுகளைப் புரட்டியவர் பிரிஜ் லால். 1952இல் ஃபிஜியில், லம்பாசா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், கிர்மிட்டியரின் பேரன். வட இந்தியாவிலிருந்து போன 45,439 பேரின் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குறிப்பெடுத்துக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தது அவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு. பின்னால் இங்கேயே பேராசிரியரானார். ஃபிஜியின் 1997 அரசியலமைப்புக்கு அடிப்படையான ஆணையத்தில் மூன்று பேரில் ஒருவர். ராணுவ ஆட்சியை விமர்சித்ததற்காக 2009இல் அந்த நாடு அவரை வெளியேற்றியது, மனைவிக்கும் சேர்த்துத் தடை. பிறந்த மண்ணைத் திரும்பப் பார்க்காமலே 2021 டிசம்பர் 25 அன்று இறந்தார். ஆட்சி மாறி, தடை நீங்கி, 2023இல் அவருடைய அஸ்திதான் ஊர் போய்ச் சேர்ந்தது.

அவர் எண்ணியது வடக்கத்தியவர்களை. தெற்கிலிருந்து போனவர்கள் 1926இல் நாடி நகரில் சங்கம் அமைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், முருகனுக்குக் கோவில் எழுப்பினார்கள். ஆனால் வீட்டில் தமிழ் மெல்ல மெல்லக் கரைந்து ஃபிஜி இந்தி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பொருள் தெரியாமலே பக்திப்பாட்டை ராகம் பிசகாமல் பாடும் குடும்பங்கள் அங்கே உண்டு. அந்தப் பாட்டை யார் பதிவு செய்வது? அதில் தமிழ் எங்கே மாறியிருக்கிறது, எந்த ஊர் வழக்கு ஒட்டியிருக்கிறது என்று யார் காது கொடுத்துக் கேட்பது? தமிழ் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது பிடிபடும். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் மொழியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், அப்பா அம்மாவிடம் பேச என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து பேசுகிறேன்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. இந்தத் துறைகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு மூடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. பர்மிய மொழி, திபெத்திய மொழி, பப்புவா நியூ கினியின் டோக் பிசின், கிழக்குத் திமோரின் தேதும் என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத மொழிகளை இங்கே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். பதினைந்து பேர் வருகிற கூட்டத்தில் நாம் ஐந்து பேர் கூடுதலாகப் போய் உட்கார்ந்தால் அது இருபது. அந்தக் கணக்கு அங்கே எடுபடும்.

கடைசியாக, எங்கள் அப்பத்தா. 1988இல் என் சித்தப்பா அவள் ஒப்பாரியை ஒரு கேசட்டில் பதிந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரிலிருந்து கொண்டுவந்தேன். பழைய ரேடியோவில் போட்டேன், நாடா சிக்கி இழுத்துக்கொண்டது. பதறிப்போய்ப் பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன். விவரம் தெரிந்த ஒருவர் மெதுவாகப் பிரித்து, வேறொரு கேசட் கூட்டில் போட்டு, கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். 41 நிமிடம் தப்பியது. நான் சுருட்டிய இடத்தில் ஒரு பாட்டு போய்விட்டது, எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் நீங்களாக ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். பென்சில் வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி வைத்து, மேலே யார் குரல், எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சாப்பாடு முடிகிற வரைக்கும் வாசல் பக்கம் ஒரு நோட்டோடு நிற்கிறேன். யாரிடம் கேசட் இருக்கிறது என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி.