யூத வரலாற்றுக்குள்ள ஆட்களைப் பிடிச்சுப் போவோம்

எல்லாருக்கும் வணக்கம். யூதர்களோட வரலாறுன்னதும் நமக்கு முதல்ல பைபிள் கதைகள் ஞாபகம் வரும், அப்புறம் நேரா ஹிட்லர்தான். நடுவுல இருக்கற ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல அப்படியே காணோம். சரி, அதையும் படிக்கலாம்னு உட்கார்ந்தா வர்றது ஒரு லிஸ்ட்டு: 70ல ஜெருசலேம் கோவிலை ரோமானியர்கள் இடிச்சாங்க, 1492ல ஸ்பெயின் துரத்துச்சு, இப்படியே போகும். அதுல அடி வாங்குற ஒரு கூட்டம் தெரியுமே தவிர மனுஷங்க தெரிய மாட்டாங்க. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், ஒரு ஆளைப் பிடிங்க, முடிஞ்சா தன் வீட்டுக் கதையைத் தானே எழுதி வெச்சுட்டுப் போன ஆளைப் பிடிங்க.

மைமோனிடிஸை எடுத்துக்கலாம். ஸ்பெயின்ல கோர்டோபாவுல பிறந்தவர், 1148ல அல்மொஹாதுகள்னு வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரச வம்சம் ஊரைப் பிடிச்சதும் குடும்பம் கிளம்பி மொராக்கோ, பாலஸ்தீனம்னு அலைஞ்சு கடைசியில எகிப்துல கெய்ரோ பக்கத்துல ஃபுஸ்தாத்துல செட்டில் ஆச்சு. யூத சட்டம் மொத்தத்தையும் ஹீப்ருவுல வகைப்படுத்தி எழுதினதும் இவர்தான், அரபு மொழியில ஹீப்ரு எழுத்துல தத்துவ நூல் எழுதினதும் இவர்தான். ஆனா எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கக் காரணம் கடிதங்கள். இவருக்கு டேவிட்னு ஒரு தம்பி, வியாபாரி, தம்பி சம்பாதிச்சாரு, அண்ணன் நிம்மதியா படிச்சாரு. செங்கடல் கரையில ஆய்தாப் துறைமுகத்துல இருந்து, நான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போறேன், கவலைப்படாதேன்னு தம்பி எழுதின கடிதம் இன்னைக்கும் இருக்கு. அப்புறம் தம்பி போன கப்பல் நம்ம இந்தியக் கடல்ல மூழ்கிடுச்சு, அண்ணனோட பணமும் ஊராரோட பணமும் சேர்ந்தே போச்சு, தம்பி பொண்டாட்டியும் சின்னப் பொண்ணும் இவர் பொறுப்புல வந்தாங்க. அந்தச் செய்தி வந்து ஒரு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தேன்னு பல வருஷம் கழிச்சு எழுதறாரு. அவ்வளவு பெரிய தத்துவ ஞானியாலயும் தாங்க முடியல பாருங்க. குடும்பத்தைக் காப்பாத்த வைத்தியமே பிழைப்பாச்சு. 1199ல எழுதின இன்னொரு கடிதத்துல தன்னோட ஒரு நாளைச் சொல்றாரு, காலையில கெய்ரோ போய் சுல்தான் வீட்டு ஆளுங்களைப் பார்த்துட்டு மதியத்துக்கு மேல பசியோட வீடு திரும்பினா வாசல்ல யூதர், யூதர் அல்லாதவர்னு கூட்டம் நிக்குது, அவசரமா கொஞ்சம் சாப்பிடறாரு, அந்த 24 மணி நேரத்துக்கு அதுதான் சாப்பாடு, அப்புறம் இருட்டற வரைக்கும் நோயாளிங்க, களைப்புல படுத்துக்கிட்டே மருந்து சொல்றாரு. அரபு உலகத்துல யூதர்கள் எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டா நான் இந்த வாசலைத்தான் காட்டுவேன். தம்பி கடிதம் கிடைச்சதும் ஒரு அதிசயம்தான், கடவுள் பேர் எழுதின தாளைக் கிழிச்சுப் போடக்கூடாதுன்னு ஃபுஸ்தாத் ஜெபக்கூடத்துல ஒரு ரூம்ல போட்டு வெச்சாங்க, கடிதம் கணக்குன்னு எல்லாமே அதுலயே சேர்ந்து நூத்துக்கணக்கான வருஷம் அப்படியே கிடந்திருக்கு.

அடுத்தது ஜெர்மனியில ஹாம்பர்க்ல பிறந்த க்ளிக்கெல் அம்மா. 1689ல புருஷன் போனதுக்கப்புறம் வியாபாரத்தையும் பிள்ளைங்களையும் தானே பார்த்துக்கிட்டவங்க, துக்கத்துல தூக்கம் வராத ராத்திரிகள்ல பிள்ளைங்களுக்காக யிட்டிஷ்ல, அதாவது ஐரோப்பிய யூதர்கள் வீட்டுல பேசின மொழியில, வாழ்க்கைக் கதையை எழுத ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு சம்பவம் வருது. 1665ல சப்பத்தாய் ஸெவின்னு ஒருத்தர்தான் மெசியா, அதாவது யூதர்கள் காத்துக்கிட்டிருந்த மீட்பர்னு சேதி பரவி, ஊர் ஊரா யூதர்கள் சொத்தை வித்துட்டு கிளம்ப ரெடி ஆனாங்க. இவங்க மாமனார் என்ன செஞ்சாருன்னா, துணிமணி, பட்டாணி, பீன்ஸ், உலர்ந்த இறைச்சி எல்லாம் ரெண்டு பெரிய பீப்பாயில அடைச்சு ஹாம்பர்க்குக்கு அனுப்பிட்டாரு, எந்த நிமிஷமும் புனித பூமிக்குக் கப்பல் ஏறிடலாம்னு. 1666ல அந்த மெசியா துருக்கி சுல்தான் முன்னாடி இஸ்லாத்துக்கு மாறிட்டாரு. ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் பீப்பாய் அப்படியே நிக்குது, சாப்பாடு கெட்டுப்போய் துணியும் பாழாயிடும்னு பயந்து, சாப்பாட்டை மட்டும் எடுத்துடுங்கன்னு கடிதம் வருது. அந்த நம்பிக்கையும் ஏமாற்றமும் எவ்வளவு பெருசுன்னு எனக்குப் புரிஞ்சது இந்தப் பீப்பாயாலதான்.

மூணாவது இமானுவேல் ரிங்கல்ப்ளூம், போலந்துல வார்சாவுல வரலாற்று ஆசிரியர். 1940ல நாஜிகள் கெட்டோவை, அதாவது யூதர்களை அடைச்சு வெச்ச பகுதியைப் பூட்டினதும் இவரும் நண்பர்களும் ரகசியமா ஒரு ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சாங்க. ரேஷன் கார்டு, டிராம் டிக்கெட், மிட்டாய் கவர், பசங்க எழுதின கட்டுரைன்னு எதையும் விடல. நம்ம கதையை நம்மளைக் கொன்னவன் எழுதக் கூடாதுங்கற பிடிவாதம்தான் அது. 1942ல ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஆட்களை ஏத்திட்டு இருக்கும்போதே 10 தகரப் பெட்டியில வெச்சு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில புதைச்சாங்க, அடுத்த வருஷம் பால் கேன்ல. 1944ல அவரையும் மனைவியையும் மகனையும் கொன்னுட்டாங்க. பெட்டிகள் 1946ல கிடைச்சது, ரெண்டு பால் கேன் 1950ல கிடைச்சது, மூணாவதா புதைச்சது இன்னும் கிடைக்கல.

அடுத்த கூட்டத்துக்கு டோனா கிரேசியா நாசியைப் படிச்சுட்டு வாங்க. 1510ல லிஸ்பன்ல பிறந்து, வெளியே கிறிஸ்தவரா வாழ்ந்து, ஆன்ட்வெர்ப், வெனிஸ், ஃபெராரான்னு சொத்தோட நகர்ந்து நகர்ந்து இஸ்தான்புல் போய் சேர்ந்த அம்மா அவங்க, போற வழியெல்லாம் இன்க்விசிஷனுக்கு, அதாவது ரகசியமா யூதரா வாழ்றவங்களைத் தேடிப் பிடிச்சு தண்டிச்ச திருச்சபை விசாரணைக்குப் பயந்து ஓடினவங்களையும் தப்பிக்க வெச்சாங்க. கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க.